ராகு மூலையில் ஈரம்

6

"அக்கா, கொலை பண்றதுக்கு முன்னாடி ஒரு வாய் ஏதாவது சாப்பிடலாமா?"

டோ நிலார் திரும்பவில்லை. பாதி இடிந்த செங்கல் சுவரின் நிழலில் குந்தியிருந்தாள். மடியில் துணிப்பை. பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், பழைய துண்டில் சுற்றிய கத்தி. காலையில்தான் அதைச் சாணை பிடித்திருந்தாள்.

"கொலை பண்ணப்போறது நான். நீ எதுக்குடா தெம்பு தேத்துற?"

"பாக்குறவனுக்கும் தெம்பு வேணுமில்ல? எனக்கு ரத்தத்தைப் பாத்தாலே தலை சுத்தும். வெறும் வயித்துல மயங்கி விழுந்தா யாரு தூக்குறது? அதுக்கு ஒரு ஜோடி மாடு வேணும்."

சொன்னவன் போ லோன். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. உருண்டை என்று அர்த்தம் வரும் இந்தப் பேரை வைத்தது ஊர். ஊர் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருந்தது. பர்மாவில், பகானை ஒட்டிய ஞௌங்-ஊ ஊர்ச் சந்தைக்குப் பின்னால் டோ நிலார் நடத்தும் துப்பறியும் கடைக்கு அவன்தான் உதவியாளன், கணக்குப்பிள்ளை, காவல் நாய் எல்லாம். திருட்டுப் போன பைக், ஓடிப்போன மாப்பிள்ளை, காணாமல் போன பசுமாடு என்று எது வந்தாலும் இருவரும் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். ஆனால் டோ நிலாரின் சொந்த வழக்கு ஒன்று எட்டு வருஷமாகத் தீராமல் கிடந்தது.

அது இன்றைக்குத் தீர்ந்துவிடும் போலிருந்தது.

பகானில் கோயிலுக்குப் பஞ்சமில்லை, நிழலுக்குத்தான் பஞ்சம். உச்சி வெயிலில் பொட்டல் காடு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவே முதுகில் மூட்டை சுமந்த ஏழெட்டுப் பேர், ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயிலுக்கு வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். யாங்கோனிலிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள், சில வெள்ளைக்காரர்கள். முன்னால் தொப்பி போட்ட வழிகாட்டி. கடைசியாக, எல்லாரையும் விட்டுத் தள்ளி, பச்சைப் பை தூக்கியவன் ஒருத்தன்.

"அந்தப் பச்சைப் பைதான். பேரு கியோ" என்றாள் டோ நிலார். "இத்தனை வருஷமா தாய்லாந்துப் பக்கம் ஒளிஞ்சு கிடந்திருக்கான். சாயங்காலம் படகு ஏறிட்டான்னா மறுபடியும் கைக்கு எட்ட மாட்டான்."

"பையைப் பாத்தீங்களா? எல்லாரும் நிக்குற இடத்துல எல்லாம் மூட்டையை இறக்கி வைக்கிறாங்க. இவன் மட்டும் புள்ளத்தாச்சி மாதிரி சுமந்துக்கிட்டே நிக்கிறான். உள்ள என்ன வச்சிருக்கான், பாட்டியோட அஸ்தியா?"

"என்னவோ வச்சிருக்கட்டும். எனக்கு வேண்டியது அவன்தான்."

சொன்ன குரலில் ஈரப்பசையே இல்லை.

அவளுடைய தம்பி மியோ, வௌவால் கோயிலின் சாவிக்காரன். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடைக்காலத்தில், உள்ளேயிருந்த வெண்கல புத்தர் தலையைத் திருட வந்தவர்கள் அவன் மண்டையில் அடித்துவிட்டு அந்தச் சிலைத் தலையை எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவன் இடுப்பிலிருந்த சாவியைப் பிடுங்கி, இரும்புக் கதவை வெளியே பூட்டிவிட்டும் போனார்கள். மறுநாள் காலையில் பூட்டை உடைத்துத் திறந்தவள் டோ நிலார். உள்ளே தம்பி விழுந்த இடத்தில் இல்லை. கதவு வரைக்கும் ஊர்ந்து வந்து, கம்பியைப் பிடித்தபடியே உயிரை விட்டிருந்தான்.

அடித்த உடனே உயிர் போய்விட்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அம்மாவுக்கும் அப்படியே சொல்லி வைத்தார்கள். ஆனால் ஊர் டாக்டர் டோ நிலாரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். கதவு திறந்திருந்தால் ரோடு வரைக்கும் ஊர்ந்திருப்பான், யாராவது பார்த்திருப்பார்கள், பிழைத்திருப்பான். அடியை அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். பூட்டை மன்னிக்க முடியவில்லை. அடக்கம் பண்ணிய அன்றைக்கே, பிக்குகள் முன்னால், ஊரே கேட்க, "பூட்டினவனை என் கையால முடிப்பேன்" என்று சொன்னாள். சொல்லக் கூடாத இடத்தில் சொன்னாள். பிக்குகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இன்று காலையில் போன் வந்தது. கூப்பிட்டவன் அந்த நடைக்கூட்டத்தின் வழிகாட்டி, கோ பஞ்ஞா.

"போன்ல அவன் சொன்னது நிஜந்தான்னு எப்படி நம்புறீங்க?" என்று போ லோன் இப்போது கேட்டான். "எவன் எவனோ எதை எதையோ சொல்லுவான்."

"கியோ குடிச்சுட்டு உளறினானாம். 'பூட்டிட்டு வர்றப்ப உள்ள இருந்து அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், புளியமரம் தாண்டுற வரைக்கும் கேட்டுச்சு'ன்னு." அவள் துணிப்பையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். "தம்பி அடிபட்ட பிறகும் உசுரோட இருந்தது எனக்கும் டாக்டருக்கும்தான்டா தெரியும். இது கட்டுக்கதை இல்லை. அங்க நின்னவன் சொன்ன சேதி."

போ லோன் மடியில் கிடந்த புளி வில்லையைப் பிரித்து, வாயில் போடாமலே மறுபடியும் சுற்றி வைத்தான்.

"ஒரே ஒரு சோதனை பாக்கி" என்றாள் அவள். "அந்தச் சின்ன வெள்ளைப் பகோடாவுல கூட்டம் நிக்கும். பூக்கூடையை எடுத்துக்கிட்டுப் போ. எல்லாரையும் அவங்கவங்க கிழமை மூலையில தண்ணி ஊத்த வை. கியோ எந்த மூலையில ஊத்துறான்னு மட்டும் பாத்துட்டு வா."

"அவ்வளவுதானா? ஜாதகமும் கேட்டு வாங்கிட்டு வரவா? பொண்ணு கிண்ணு பாக்குற யோசனை இருக்கா?"

"போடா."

போனான். பூ விற்பதற்கென்றே பிறந்தவன்போல் கூவினான். "கிரகத்துக்கு ஒரு குவளை! வெயில்ல நடக்குறவங்களுக்கு ரெண்டு குவளை! வெள்ளைக்காரத் தங்கச்சி, எந்தக் கிழமை பொறந்தீங்கன்னு தெரியலையா? அடப்பாவமே, உங்க ஊர்ல அம்மாமாரு இதைக்கூடவா ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க?" பகோடாவைச் சுற்றி எட்டுத் திசையில் எட்டு மூலை. மூலைக்கு ஒரு பிறந்த கிழமை, ஒரு கிரகம், ஒரு விலங்கு, ஒரு குட்டி புத்தர்; புதனுக்கு மட்டும் காலை, மாலை என்று இரண்டு மூலை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அவரவர் மூலைக்கு ஓடினார்கள். கியோ கடைசியாக வந்தான். பையைக் கழற்றாமலே குனிந்து குவளையை வாங்கி, நேரே கிழக்குப் பக்கம் புலி மூலைக்குப் போய் ஊற்றினான். ரொம்ப நேரம் ஊற்றினான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வழிகாட்டி பஞ்ஞா மட்டும் தள்ளி நின்று பீடி பிடித்தான்.

திரும்பி வந்த போ லோன் சொன்னதைக் கேட்டதும் டோ நிலாருக்கு முகம் செத்துப்போனது.

"புலியா? நல்லாப் பாத்தியா?"

"என் வயித்துக்கும் அவனுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. புலிதான். திங்கக்கிழமைக்காரன்."

"அப்ப அவன் இல்லைடா."

"என்னது? காலையிலேருந்து கத்தியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், இப்ப அவன் இல்லையா? கிழமை சரியில்லைன்னு கல்யாணத்தை நிறுத்துவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். கொலையை நிறுத்துவாங்களா?"

டோ நிலார் அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"தம்பியைக் கண்டெடுத்த அன்னிக்கு நான் ஒண்ணு பாத்தேன். போலீஸ் பாக்கலை, நானும் யாருக்கும் சொல்லலை. இதே பகோடா. அப்பல்லாம் இங்க ஆள் நடமாட்டமே கிடையாது. ஏழு மூலையும் தூசி படிஞ்சு கிடக்குது. வடமேற்கு மூலை மட்டும் சேறு. புதுப் பூ. பக்கத்துல கவுத்து வச்ச குவளை."

"வடமேற்கு, தந்தம் இல்லாத யானை. ராகு."

"புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல பொறந்தவன். திருட வந்தவன், அதுவும் கோயில் சொத்தைத் திருட வந்தவன், வேலைக்கு முன்னாடி தன்னோட கிரகத்துக்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போயிருக்கான்."

போ லோனுக்கு வாய் பிளந்தது. "அடப்பாவி! முன்பணமா மன்னிப்பு வாங்கிக்கிறானா? எட்டு வருஷமா இதை எங்கிட்டகூட மறைச்சிருக்கீங்களே அக்கா!"

"உன் காதுல போட்டா சாயங்காலம் சந்தையில கூறு கட்டி வித்துடுவாங்க."

அதை அவன் மறுக்கவில்லை. "ஒருவேளை இப்ப அவன் வேணும்னே மூலையை மாத்தி ஊத்தியிருந்தா?"

"நாம பாக்குறது அவனுக்குத் தெரியுமா? ராகு மூலைக் கதை என்னைத் தவிர யாருக்காவது தெரியுமா? யாரும் பாக்காத இடத்துல எவன் நடிப்பான்? அதுலயும் கிரகத்துக்கு முன்னாடி."

"சரி, கியோ இல்லைன்னா, தம்பி கூப்பிட்டது கியோவுக்கு எப்படித் தெரியும்?"

"கியோவுக்குத் தெரியும்னு உனக்கு யாருடா சொன்னது?"

போ லோனின் கண் மெதுவாகத் தொப்பிக்காரன் பக்கம் போனது.

டோ நிலார் எழுந்து கைலியை உதறிக் கட்டினாள். "நீ இங்கயே இரு. நான் போய் அவருக்கு நன்றி சொல்லிட்டு வர்றேன்."

கோ பஞ்ஞா நல்ல உயரம். நரை விழுந்த மீசை. கன்னத்தில் வெயிலுக்குத் தனகா மரப்பட்டைக் குழம்பு பூசியிருந்தான். அவளைக் கண்டதும் பீடியை மிதித்துவிட்டு ஓரமாக வந்தான்.

"பாத்துட்டீங்களா அக்கா? அவன்தான். பாவி, எவ்வளவு சாந்தமா நடக்குறான் பாருங்க!"

"பாத்துட்டேன். நீங்க செஞ்ச உதவிக்கு என்ன கைம்மாறு செய்யப்போறேன்னு தெரியலை."

"கைம்மாறு எல்லாம் எதுக்கு? ஒரு அக்காவோட வயித்தெரிச்சல் தீர்ந்தா போதும். ஆனா சாயங்காலம் படகு. அதுக்குள்ள..."

"எல்லாரும் சாப்பிட உக்காருறப்ப அவனை மட்டும் வௌவால் கோயிலுக்கு அனுப்பி வைங்க. புதுப் பூட்டோட சாவி என்கிட்டத்தான் இருக்கு. என் தம்பி செத்த இடத்துலயே முடிச்சுடுறேன்."

"அவனே அங்கதான் போகணும்னு துடிச்சுக்கிட்டிருக்கான். அனுப்புறதுக்கே வேலை இல்லை." பஞ்ஞா குரலை இறக்கினான். "கை நடுங்காதே அக்கா?"

"எட்டு வருஷமா சாணை பிடிச்ச கை, நடுங்காது." டோ நிலார் கைகூப்பினாள். "போறதுக்கு முன்னாடி உங்க பேர்ல ஒரு குவளை தண்ணி ஊத்திட்டுப் போறேன். இந்தப் பாவம் உங்களை ஒட்டக் கூடாது. நீங்க எந்தக் கிழமை?"

கண் இமைக்கும் நேரம்தான். "வியாழக்கிழமை" என்றான்.

"நல்ல கிழமை" என்றாள் அவள். அவன் பார்க்க, மேற்குப் பக்கம் எலி மூலைக்குப் போய் ஒரு குவளை ஊற்றினாள். பிறகு வௌவால் கோயில் இருக்கும் திசையில் நடந்தாள். மேடு மறைத்ததும் குனிந்து, சப்பாத்திக்கள்ளி வேலி ஓரமாகவே சுற்றி, பகோடாவுக்கு எதிரே இடிந்து கிடந்த செங்கல் குவியலுக்குப் பின்னால் வந்து படுத்தாள். போ லோன் ஏற்கெனவே அங்கே மூட்டைபோல் கிடந்தான்.

"இப்ப என்னக்கா பாக்கப் போறோம்?"

"பேசாம பாரு."

கூட்டம் வேப்ப மரத்தடிச் சோற்றுக் கடைக்கு நகர்ந்தது. பச்சைப் பை மட்டும் பிரிந்து வௌவால் கோயிலுக்குப் போனது. பொட்டல் காலியானது. எங்கோ ஒரு கோயில் மணி வெயில் தாங்காமல் தானே அடித்துக்கொள்வதுபோல் ஒருதரம் ஒலித்தது.

பஞ்ஞா திரும்பி வந்தான், தனியாக. நாலு பக்கமும் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். போ லோன் விட்டுவிட்டுப் போன கூடையிலிருந்து பூ எடுத்தான், குவளையை நிறைத்தான். கிழக்கைத் தாண்டினான். வடக்கைத் தாண்டினான். எந்த மூலை என்று தேடவே இல்லை. சொந்த வீட்டு அடுப்படிக்குப் போகிறவன் மாதிரி நேரே வடமேற்குக்குப் போய், தந்தமில்லாத யானை முன்னால் மண்டியிட்டு, தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டான்.

போ லோன் டோ நிலாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அது நெருப்பாய்ச் சுட்டது.

"மறுபடியும் முன்பணம் கட்டுறான் அக்கா."

"இன்னைக்கும் ஒரு சாவு உண்டுன்னு நான்தானே சொல்லிட்டு வந்தேன்" என்றாள் அவள் பல்லைக் கடித்தபடி. "பஞ்ஞாங்கிறது வியாழக்கிழமைக்காரனுக்கு வைக்கிற பேரு, அப்ப பேரையும் மாத்திக்கிட்டான். கிழமையை மாத்திக்கிட்டான். ஊரை, போலீஸை, என்னையுங்கூட ஏமாத்துவான். ராகுவை ஏமாத்த மட்டும் அவனுக்குத் தைரியம் இல்லை."

அவள் கை பைக்குள் போயிருந்தது. போ லோன் அதைப் பார்த்தான்.

"அக்கா. இப்பவே பாயாதீங்க. கியோவைப் பாத்துட்டு அப்புறம் பாயலாம். எலி எதுக்கு அம்மணமா ஓடுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா? இவன் எதுக்கு அவனைச் சாகடிக்கத் துடிக்கிறான்?"

நியாயமான கேள்வி. கோபத்திலும் அவளுக்கு நியாயம் தெரிந்தது. பஞ்ஞா சோற்றுக் கடைப் பக்கம் போனதும் இருவரும் ஓடினார்கள். போ லோன் ஓடியதை அன்றைக்குப் பகானில் பார்த்த ஒரே சாட்சி ஒரு ஆட்டுக்குட்டி.

வௌவால் கோயிலின் வாசலில் ஒரு கல்வெட்டு. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் கோயில் கட்டிய ராணி, இங்கிருந்து ஒரு செங்கல்லைத் திருடுகிறவன்கூட ஏழேழு பிறவி நரகத்தில் வேகட்டும் என்று எழுதி வைத்த சாபம். மூச்சு வாங்கியபடியே போ லோன் அதைத் தட்டினான். "சாபம் விட்டது ராணி. வேலை பாக்குறது மட்டும் நாம."

பூட்டிய இரும்புக் கதவின் முன்னால் கியோ உட்கார்ந்திருந்தான். முதல்முறையாகப் பையை இறக்கி மடியில் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான்.

"சாவிக்காரரோட அக்காதானே நீங்க? கதவைத் திறந்து விடுங்கம்மா. இதை இருந்த இடத்துல வச்சுடுறேன். அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யுங்க."

பையைத் திறந்தான். சட்டைக்குள் சட்டை சுற்றி, நடுவே வெண்கல புத்தர் தலை. மூடிய கண், உதட்டோரம் அதே பழைய சிரிப்பு. போ லோன் தன்னை அறியாமல் மண்டியிட்டான்.

டோ நிலார் மண்டியிடவில்லை. "அடிச்சது யாரு?"

"யே வின். இப்ப பஞ்ஞான்னு பேர் மாத்தி வச்சிருக்கான். நான் விளக்குப் பிடிச்சேம்மா. தலையைத் தூக்கிட்டு நான் முன்னால வந்துட்டேன். பின்னால பூட்டுச் சத்தம் கேட்டுச்சு. வேணாம்டான்னேன். 'கிடக்கட்டும், விடியறப்ப சத்தம் நின்னுடும்'னான்." கியோ வெண்கலத் தலையைத் தொட்டான். "இதை விக்கவும் முடியலை, தூக்கிப் போடவும் முடியலை. எடுத்த எடத்துலயே வச்சுட்டுப் போலீஸ்ல சொல்லிட்டுக் காவி உடுத்தப்போறேன்னு போன வாரம் அவன்கிட்ட சொன்னேன். 'சரி, என் கூட்டத்தோட நடந்து வா, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க'ன்னான்."

"கூப்பிட்டானா? என் தம்பி?"

கியோ தலை குனிந்தான். "கூப்பிட்டாரு. நான் திரும்பிப் பாக்கலை."

கத்தி வெளியே வந்துவிட்டது. எப்போது உருவினாள் என்று அவளுக்கே தெரியாது. திரும்பிப் பார்க்காதவனின் கழுத்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. குத்தினால் யார் கேட்கப் போகிறார்கள்? எட்டு வருஷமாக இந்த நிமிஷத்துக்காகத்தானே சோறு தின்றாள்?

"அக்கா" என்றான் போ லோன். அவன் குரலில் நக்கல் துளிகூட இல்லை. "இவனைக் குத்தினா அவன் ஜெயிச்சான். அதுக்குத்தான் உங்களுக்கு போன் போட்டான். அவன் கைக்கு நீங்க கத்தியா இருக்கப் போறீங்களா?"

மரத்திலிருந்து ஒரு காய்ந்த காய் உதிர்ந்தது. டோ நிலார் கத்தியைத் துண்டில் சுற்றினாள். சுற்றி முடிக்க வெகு நேரமாயிற்று.

"உன்னை நான் மன்னிக்கலை" என்றாள் கியோவிடம். "சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா இப்ப சொன்னதைப் போலீஸ்ல ஒரு எழுத்து மாறாம சொல்லணும்."

"சொல்றேம்மா."

அவள் பூட்டைத் திறந்தாள். கியோ உள்ளே போய்த் தலையை அதன் பீடத்தில் வைத்துவிட்டு வந்தான். அவனையும் காலிப் பையையும் கல்வெட்டுக்குப் பின்னால் மறைத்தாள். பூட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"போ லோன், போய் நம்ம வழிகாட்டியைக் கூட்டிட்டு வா. காரியம் முடிஞ்சுதுன்னு சொல்லு. எனக்குத் தெம்பு இல்லை, உக்காந்துட்டேன்னு சொல்லு. பையில ஏதோ வெண்கலத் தலை இருந்துச்சு, அதை என்ன பண்றதுன்னு தெரியலைன்னு சொல்லு."

"கடைசியா சொன்னதை மட்டும் சொன்னா போதும். நடக்க மாட்டான், பறந்து வருவான்."

அப்படித்தான் வந்தான். வாசலில் டோ நிலார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகையா நடிப்பா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"முடிஞ்சுதா அக்கா?"

"உள்ள கிடக்கான்" என்றாள். "என்னால பாக்க முடியலை."

பஞ்ஞா என்கிற யே வின் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தான். தான் சொல்லிச் செய்வித்த கொலையைப் பார்க்கப் போகிறவனுக்கும் கோயிலுக்குள் செருப்புக் கூடாது என்பது மறக்கவில்லை. குனிந்து இருட்டுக்குள் போனான். "எங்க?" என்று அவன் குரல் உள்ளே எதிரொலித்தது. "எங்கக்கா? யாரையும் காணோமே?"

டோ நிலார் எழுந்து கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டைப் போட்டாள். சாவியைத் திருப்பினாள்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம். ஓடி வந்து கம்பியைப் பிடித்தான்.

"என்ன அக்கா இது, விளையாட்டா?"

கியோ கல்வெட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். உள்ளே இருந்தவனின் முகத்தில் தனகாவுக்கு மேலே ரத்தம் சுண்டியது.

"அவன்தான்! அவன் பொய் சொல்றான்! அவன்தான் அடிச்சான், அவன்தான் பூட்டினான்!"

"வெள்ளைப் பகோடாவுல ராகு மூலை இன்னும் காயலை" என்றாள் டோ நிலார். "எட்டு வருஷம் முன்னாடியும் இப்படித்தான் ஈரமா இருந்துச்சு. நான் பாத்தேன்."

அவனுக்கு விளங்க ஒரு மூச்சு ஆனது. "ராகுக்காரன் ஊருக்கு ஆயிரம் பேர் இருக்கான்!"

"இருக்கான். அத்தனை பேரும் ராகுக்காரன்னு தைரியமா சொல்லிக்குவான். என்கிட்ட வியாழக்கிழமைன்னு சொல்லிட்டு, யாரும் பாக்காதப்ப ராகுவைக் கும்பிட்டவன் நீ ஒருத்தன்தான். அதுவும் ஒருத்தன் சாகப்போறான்னு தெரிஞ்ச பிறகு." அவள் கம்பிக்கு அருகே வந்தாள். "எனக்கு நீ போன் போட்டிருக்கவே வேணாம் யே வின். பத்து வருஷம் தேடியிருந்தாலும் உன்னை நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

தன் நிஜப் பேரைக் கேட்டதும் அவன் கம்பியை விட்டுவிட்டான்.

போ லோன் வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்த பேட்டரி பைக்கை உருட்டிக்கொண்டு வந்தான். கியோ அதன் பின்னால் ஏறத் தயாராக நின்றான்.

"இதுல போனா ஸ்டேஷனுக்கு இதோன்னு போயிடலாம் அக்கா. ஒரு வெத்தலை மெல்லுற நேரம். போலீஸைக் கையோட கூட்டிட்டு வந்துடுறேன்."

"பைக் வேணாம்" என்றாள் டோ நிலார். "நடந்து போங்க."

"இந்த வெயில்லயா? நடந்தா போய்ச் சேரவே பொழுது சாஞ்சுடுமே?"

"சாயட்டும். வழியில தெரிஞ்சவங்க யாராவது எதிர்ப்பட்டா நின்னு பேசிட்டுப் போ. குடும்பம் குழந்தை எல்லாம் விசாரி. அவசரம் ஒண்ணுமில்லை."

போ லோன் அவளைப் பார்த்தான். பூட்டைப் பார்த்தான். பைக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கியோவின் தோளில் கைபோட்டு அவனை நடத்திக்கொண்டு போனான். இருவரும் பொட்டலில் சிறுத்துக்கொண்டே போய் மறைந்தார்கள்.

உள்ளேயிருந்து யே வின் கூப்பிட ஆரம்பித்தான். முதலில் அதட்டிக் கூப்பிட்டான், பிறகு கெஞ்சிக் கூப்பிட்டான். ஒரு கூப்பாட்டையும் தவற விடக் கூடாது என்று டோ நிலார் கம்பியை ஒட்டியே, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.